புள்ளிகள் வந்த பிறகுதான் வேலை ஆரம்பித்தது

திசுக்களில் வடிவங்கள் எப்படி உருவாகின்றன என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் ஆராய்ச்சிக் குழு ஒன்றில் சேர்ந்தபோது, எனக்குத் தெரிந்ததெல்லாம் வகைக்கெழுச் சமன்பாடும் கொஞ்சம் பைத்தானும்தான். குழு அப்போது எடுத்திருந்த கேள்வி இது: எலியின் கருவில், தோல்மேல் மயிர்க்கால்கள் ஏறத்தாழ ஒரே இடைவெளி விட்டு எப்படி முளைக்கின்றன? அளவுகோல் வைத்து இடம் குறித்துக் கொடுக்க அங்கே யாரும் இல்லையே. அதற்கு ஒரு கணினி மாதிரி எழுதுவது என் பங்கு.

அடிப்படை யோசனை கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1952-இல் சொன்னது. விரவல் என்றால் எல்லாவற்றையும் சமமாக்கிவிடும் என்றுதான் படித்திருக்கிறோம். தண்ணீரில் விட்ட மைத்துளி கலைந்து போகிறதல்லவா? ஆனால் ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் வினைபுரியும் இரண்டு பொருள்கள் வெவ்வேறு வேகத்தில் விரவினால், சீராக இருந்த இடத்தில் தானாகவே புள்ளியும் கோடும் எழலாம் என்று அவர் கணக்கால் காட்டினார். 1972-இல் கீரர், மைன்ஹார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதை இன்னும் தெளிவாக்கினார்கள்: அருகில் ஊக்கம், தொலைவில் தடை. மெதுவாகப் பரவும் ஊக்கி, வேகமாகப் பரவும் தடுப்பி. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கை பழக ஷ்னாகென்பெர்க் மாதிரி என்ற எளிய சமன்பாட்டு ஜோடியைக் கொடுத்தார்கள். இதில் தடுப்பிக்குப் பதிலாக, ஊக்கி தின்று தீர்க்கும் மூலப்பொருள் ஒன்று இருக்கும். இரண்டு மாறிலிகளுக்கு 0.1, 0.9 என்று வைத்தேன். சமநிலையில் ஊக்கி 1, மூலப்பொருள் 0.9 என்று வந்தது. திசுவைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, அதே மதிப்புகளை எல்லாக் கட்டங்களிலும் நிரப்பி ஓடவிட்டேன். ஒரு வாரம் திரை முழுக்க ஒரே பச்சை. சமநிலையில் துல்லியமாக உட்கார வைத்தால் அது ஏன் அசையப் போகிறது? சின்னச் சலசலப்பு ஒன்று வேண்டும். ஒரு சதவீத அளவுக்கு இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கலைத்துவிட்டேன். அதுவும் சில நொடிகளில் அடங்கி, மறுபடி பச்சை.

வழிகாட்டி வந்து பார்த்தார். "கணினியை மூடிட்டுப் பேப்பரை எடுங்க" என்றார். மூலப்பொருள் ஊக்கியைவிட எத்தனை மடங்கு வேகமாக விரவுகிறது என்ற விகிதத்தை நான் 5 என்று வைத்திருந்தேன். சின்னக் கலைப்பு வளருமா அடங்குமா என்று சொல்லும் நேரியல் பகுப்பாய்வைக் கையால் போட்டதும் ஓர் இருபடிச் சமன்பாடு வந்தது: 0.64 பெருக்கல் விகிதத்தின் வர்க்கம், கழித்தல் 5.6 பெருக்கல் விகிதம், கூட்டல் 1, சமம் பூஜ்யம். பெரிய மூலம் சுமார் 8.57. விகிதம் அதைத் தாண்டினால்தான் வடிவம் வரும். 5-இல் எத்தனை நாள் காத்திருந்தாலும் வராது. 10 என்று மாற்றினேன். ஓரிடத்தில் லேசாக ஒரு மேடு, பக்கத்தில் ஒரு பள்ளம், அப்புறம் அடுத்த மேடு. திரை முழுக்கப் புள்ளிகள் நிரம்பும்வரை நாற்காலியை விட்டு எழவே இல்லை.

படம் இன்னும் கூர்மையாக வரட்டும் என்று கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினேன். எண்கள் முடிவிலிக்கு ஓடின. இப்போதைய மதிப்புகளை வைத்தே அடுத்த கணத்தைக் கணக்கிடும் நேரடி முறையில், கட்டம் பாதியானால் ஒவ்வொரு தடவையும் முன்னே வைக்கும் காலப்படி கால்பங்காக வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்துத்தான் இருந்தேன். ஆனாலும் மண்டையில் ஏறியது அன்றைக்குத்தான்.

சரி, புள்ளிகளை எடுத்துக்கொண்டு குழுக் கூட்டத்துக்குப் போனேன். ஆய்வகப் பக்கத்திலிருந்து வந்த மூத்த உயிரியலாளர் படத்தை நன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்தச் சதுரம் எத்தனை மைக்ரோமீட்டர்? இது வர எத்தனை மணி நேரம் ஆச்சு?" என்னிடம் பதில் இல்லை. என் சதுரத்துக்கு அலகே கிடையாது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் அடுத்த ஐந்து மாதம் போனது. உண்மையில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த ஐந்து மாதத்தில்தான். ஒரு மூலக்கூறு நொடிக்கு 1 சதுர மைக்ரோமீட்டர் வீதம் விரவி, சராசரியாக ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தால், 3600-இன் வர்க்கமூலம், அதாவது 60 மைக்ரோமீட்டர் அளவில் அதன் செல்வாக்கு இருக்கும். இப்படி ஒவ்வொரு மாறிலிக்கும் உடலில் ஓர் அர்த்தம் தேட வேண்டியிருந்தது. நேரமும் இடித்தது. ஜீன் படிக்கப்பட்டு, புரதம் உருவாகி, செல்லை விட்டு வெளியேறுவதற்கு நேரம் பிடிக்கும். டூரிங்கின் சமன்பாட்டில் எல்லாம் அந்தக் கணமே நடந்துவிடுகிறது. அந்தத் தாமதத்தை மாதிரியில் சேர்த்தபோது புள்ளிகள் வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தன. கருவுக்கோ அவ்வளவு அவகாசம் இல்லை.

இடைவெளியை ஒப்பிட, அந்த உயிரியலாளரோடு நுண்ணோக்கியில் உட்கார்ந்தேன். விரல் நகத்தைவிடச் சிறிய தோல் துண்டு. மயிர்க்கால் முளைக்கும் இடங்களில் சாயம் ஏறி, அவை கருநீலப் புள்ளிகளாகத் தெரிந்தன. ஒவ்வொன்றின் மையத்தையும் குறித்து, பக்கத்துப் புள்ளிக்கு எவ்வளவு தூரம் என்று அளந்தோம். என் மாதிரியோடு அழகாகப் பொருந்தியது. நான் பூரித்துப்போனேன். "துண்டைப் பதப்படுத்தினதும் சுருங்கியிருக்கும், அதைக் கழிச்சீங்களா?" என்றார் அவர். கழிக்கவில்லை. பதப்படுத்தும் முன் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியதும் பொருத்தம் போய்விட்டது. அன்று மாலை அவர் என்னோடு இருந்து எல்லாத் துண்டுகளையும் மறுபடி அளந்தார். அதை என்றைக்கும் மறக்க மாட்டேன்.

படம் ஒத்துப்போவதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதில் குழு உறுதியாக இருந்தது. உயிரியலாளர் வோல்பர்ட் 1969-இல் முன்வைத்த, மூன்று பட்டை கொண்ட பிரெஞ்சுக் கொடியை உவமையாக்கிய யோசனையாலும் கோடுகள் வரும். அதில் ஒரு பொருளின் செறிவு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குறைந்துகொண்டே போகும்; ஒவ்வொரு செல்லும் தன் இடத்தை அந்தச் சரிவிலிருந்து தெரிந்துகொள்கிறது. கொடி பெரிதானால் பட்டைகளும் அகலமாகும் என்பது அதன் கணக்கு. டூரிங் வகையிலோ பட்டையின் அகலம் மாறாது, எண்ணிக்கைதான் கூடும். ஏஞ்சல் மீன் வளர வளரப் பழைய கோடுகளுக்கு நடுவே புதுக் கோடுகள் முளைப்பதை 1995-இல் கோண்டோ, அசாய் என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியது அதனால்தான் அவ்வளவு முக்கியமானது. நானும் என் திசுவை வளரவிட்டேன். புள்ளிகள் பிளந்தன; இடைவெளியில் புதியவை எழுந்தன.

இப்போது பிரச்சினை ஓரத்தில். துண்டு வெட்டப்பட்ட விளிம்பில் எதுவும் வெளியே போகாது என்றுதான் நான் எழுதியிருந்தேன். வளர்ப்புத் தட்டிலோ அந்த விளிம்பு திரவத்துக்குள் திறந்து கிடக்கிறது. தடுப்பி கசிந்து போகலாம். விளிம்பில் என்ன நடக்கும் என்று சொல்லும் எல்லை நிபந்தனையை மாற்றி, மூடியும் திறந்தும் இரண்டு விதமாகவும் ஓட்டினேன். முதல் வரிசைப் புள்ளிகள் நிற்கும் இடம் இரண்டிலும் வேறுவேறாக வந்தது. இரண்டு படங்களையும் அந்த உயிரியலாளரின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். நாளை காலை அவர் புதுத் துண்டுகளை வெட்டுகிறார்.