அடை மாவும் பாலாடையும்

வேலூர் வெயிலைப் பழித்தே பழகிய எனக்கு அதைக் கொண்டு பழைய காகிதத்திலிருந்து புதுத் தாள் செய்துகொள்ளலாம் என்று தோன்றியது, ஆண்டுத் தேர்வு முடிந்து மகளின் பையிலிருந்து எழுதித் தீர்ந்த ஒன்பது நோட்டுகள் வெளிவந்தபோதுதான். அவளும், காட்பாடியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அக்காள் மகனும், அட்டைகளையும் பின்களையும் நீக்கி, தாள்களைக் கட்டைவிரல் அகலத்துக்குக் கிழித்து, இரவு முழுவதும் அன்னக்கூடையில் ஊறப்போட்டார்கள். வழவழப்பான விளம்பரத் தாள்களைச் சேர்க்க நான் விடவில்லை. அவற்றின் மேலுள்ள களிமண் பூச்சு கூழில் சேறாகத் தங்கிவிடும்.

காகிதக் கூழ் எங்கள் வீட்டுக்குப் புதிதன்று. என் பாட்டி பழைய செய்தித்தாளை வெந்தயத்தோடு உரலில் இடித்து, கவிழ்த்த குடத்தின்மேல் அப்பிக் கூடை செய்வார். முறத்தின் இடுக்குகளையும் அதே கூழால் மெழுகுவார். அந்த நினைவுதான் முதல் நாள் என்னை ஏமாற்றியது. மிக்ஸியில் அரைத்த கூழை அடை மாவுப் பதத்திலேயே, கொசுவலை கட்டிய பழைய போட்டோச் சட்டத்தில் வாரிப் பரப்பினோம். ஒருபுறம் தடித்து மறுபுறம் ஓட்டை விழுந்து காய்ந்ததைக் கையில் எடுத்து, “இது வேகாத அடை, சித்தி” என்றான் அக்காள் மகன்.

கூடைக்கு நார்கள் குவிந்தால் போதும். தாளுக்கோ அவை தனித்தனியே மிதந்து, வலையின்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் படிய வேண்டும். நீர் வடிந்து உலர உலர அந்தச் செல்லுலோஸ் நார்கள் நெருங்கி, ஹைட்ரஜன் பிணைப்பு எனும் மூலக்கூறுகளுக்கிடையிலான ஈர்ப்பால் தாமே ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. பசை எதுவும் வேண்டியதில்லை. கி.பி. 105இல் சீன அரசவையில் சாய் லுன் மரப்பட்டையையும் கந்தலையும் மீன்வலையையும் கொண்டு செய்ததாகச் சொல்லப்படும் தாளும் இப்படித்தான் உருவாகியிருக்கும்.

ஆகவே மறுமுறை, இரண்டு கை கூழை அரை பக்கெட் தண்ணீரில் கரைத்தோம். அரிசி கழுவிய தண்ணீர்போல இருந்த அதில் தாள் வரும் என்று பிள்ளைகள் நம்பவில்லை. சட்டத்தைச் சாய்த்து இறக்கி, அடியில் படுக்கவைத்து, நேராகத் தூக்கி, நீர் ஒழுகிக்கொண்டிருக்கும்போதே முன்னும் பின்னுமாக ஒருமுறை மெல்ல ஆட்டினேன். “அம்மா, பாலாடை மாதிரி படியுது!” என்று மகள் கத்தினாள். அதைப் பழைய வேட்டித் துணியில் கவிழ்த்து, பஞ்சால் ஒற்றி, சப்பாத்திக் கட்டையை உருட்டி நீரை எடுத்தோம்.

நான் நம்பியிருந்த வெயில்தான் காலை வாரியது. மொட்டை மாடியில் வைத்த தாள்கள் பொரித்த அப்பளம்போலச் சுருண்டன. துணியோடு சேர்த்து நிழலில் உலர்த்தியவையே தட்டையாக நின்றன. மைப்பேனா எழுத்து ஊறிப் பரவியதால், நீர்த்த சோற்றுக் கஞ்சியைத் தடவி, காய்ந்தபின் இஸ்திரி போட்டோம். மிஞ்சிய கூழைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டியதற்குக் குழாய் அடைப்பு எடுப்பவருக்குக் கூலி கொடுத்தேன். இப்போது அதை வடிகட்டிப் பிழிந்து உருண்டையாகக் காயவைக்கிறேன், தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகிறது.

தேறியவை பதினான்கு தாள்கள், பேனா மையால் லேசான நீலச் சாம்பல் நிறத்தில். ஒன்றில், அரைபடாமல் தப்பிய துண்டொன்றில் கணக்கு ஆசிரியையின் சிவப்பு மைக் குறி பாதி தெரிகிறது; அது சரியா தவறா என்று இருவரும் இன்னும் வாதிடுகிறார்கள்.