வற்றாப்பளையில் அம்மா ஒப்புவித்த கணக்கு

அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தால் முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மாளாச்சிக்குப் பாற்செம்பு எடுத்து, வெள்ளிக் கண்மலர் வைப்பதாக நேர்த்தி. இப்போது அரிசியில் கல் பொறுக்க அவருக்குக் கண்ணாடிகூட வேண்டாம். ஆகவே வைகாசிப் பொங்கலுக்குச் சித்தப்பாவின் வானில் கிளிநொச்சியில் இருந்து வெளிக்கிட்டோம்.

முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் ஏ9 வீதியில் யார் தாண்டுவார்? தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, மாங்குளத்தில் திரும்பி, ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரருக்கு வாசலில் நின்றே ஒரு கும்பிடு. முள்ளியவளைக்குப் பிறகு வாகனம் நகரவில்லை. வெறும் காணியில் கயிறு கட்டி நின்ற ஒருவன் வான் விடக் காசு கேட்டான். துண்டு கேட்டால் சிரிக்கிறான். கோயில் பெயரில் இப்படி உழைப்பவர்களை அம்மாளே பார்த்துக்கொள்ளட்டும். வெயிலில் வெறுங்காலோடு நடந்தபோது தண்ணீர்ப்பந்தலில் மோர் வார்த்த பிள்ளைகள் நல்லாயிருக்க வேண்டும்.

உள்ளே மூச்சுவிட இடமில்லை. தூக்குக்காவடி ஒரு பக்கம், கற்பூரச்சட்டி இன்னொரு பக்கம். சிலாவத்தைக் கடலில் எடுத்த தீர்த்தம் எண்ணெயில்லாமல் விளக்காக எரிவதாக நாங்கள் நம்புகிற சந்நிதி. அதற்கு முன்னால் நின்று என்னத்தைக் கேட்பது? அம்மா கேட்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு கதைப்பதுபோலச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினார்.

"அம்மாளாச்சி, கண்ணைத் தந்தாய். கிணறு வத்தேல்ல. காலபோக நெல்லு வெள்ளத்தில போகேல்ல. மூத்தவளுக்குச் சுகப்பிரசவம். மரவள்ளியைப் பண்டி கிண்டினது, ஆனா பாதியை விட்டுட்டுது."

"அம்மா, கெதியா!" என்று பின்னால் ஒரு குரல். தொண்டர் தம்பி, "நகருங்கோ அம்மா" என்று கெஞ்சினான். அம்மா நகரவில்லை. 2009இல் முள்ளிவாய்க்காலில் எங்களுக்குக் கஞ்சி வார்த்த, பெயர் தெரியாத மனுசிக்கும் நன்றி சொல்லி முடித்தார். கடைசியாக அண்ணாவின் பெயர். அதற்கு மட்டும் நன்றி இல்லை.

"எங்க அவன்?"

நான் அழுதுவிட்டேன். கண்மலரைக் கொடுக்கவே கை ஓடவில்லை, பக்கத்தில் நின்ற அக்கா ஒருத்தி வாங்கிக் கொடுத்தார். அம்மாளே, அந்த அக்காவுக்கும் உன் அருள் கிடைக்கட்டும்.

இந்தக் கணக்கு ஒப்புவித்தல் வீட்டிலும் ஒவ்வொரு இரவும் விளக்கடியில் நடக்கும். முந்தி எனக்கு எரிச்சல் வரும். இப்போது படுக்கமுன் நானும் சொல்கிறேன். பஸ்ஸில் இடம் விட்டவர், வேலையிடத்தில் என் பங்கையும் இழுத்துச் செய்தவள், என்று அன்றைய ஆட்களைத் தேடித் தேடிச் சொல்லும்போது, பகலில் விழுந்த சுடுசொல் தலைக்குள் சுற்றுவது குறைகிறது. நித்திரை வருகிறது. அடுத்த நாள் அவளைக் கண்டதும் நன்றியை வாய்விட்டே சொல்லிவிடுகிறேன். அப்புறம் எங்களுக்குள் சின்னக் கோபங்கள் நீடிப்பதில்லை.

நன்றி சொன்னால் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடாதா என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் அம்மாவைப் பார்க்க வேண்டும். 2017 மாசியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்துக்கு அண்ணாவின் படத்தோடு போனவர் அவர். விளக்கடியில் நன்றி சொல்கிற அதே வாய்தான் அங்கே பதில் கேட்கிறது.

திரும்பும் வழியெல்லாம் கச்சான் உடைத்தபடி, கோயிலில் சொல்ல மறந்தவற்றைச் சொல்லிக்கொண்டு வந்தார். அதுக்குள் அடுத்த நேர்த்தியும் வைத்தாயிற்று: பங்குனி உத்தரத்துக்குப் புளியம்பொக்கணை நாகதம்பிரான். வானுக்குச் சித்தப்பாவிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.