இருபதாவது தோசை

எங்க மாமாவுக்கு ஈயம் உருக்குவது புதுசில்லை. எட்டாவது படிக்கும்போதே பாட்டியின் ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் ஏற்றிவிட்டு கோலி விளையாடப் போனவர். திரும்பி வந்தால் சொம்பைக் காணோம், அடுப்படியில் வெள்ளியாட்டம் ஒரு கட்டி. ஈயச்சொம்பு என்பது வெள்ளீயம், 232 டிகிரியிலேயே இளகிவிடும். ரசத்தை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பேற்றணும். இதைப் பாட்டி அவருக்கு முதுகில் சொல்லிக்கொடுத்தாள்.

இப்போது டெக்சாஸில் இருக்கிறார். கார் சக்கரம் ஆடாமலிருக்க விளிம்பில் மாட்டும் பழைய பேலன்ஸ் எடைகளின் காரீயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, துப்பாக்கிக்குத் தானே குண்டு வார்க்கிறார். அங்கே அது பொழுதுபோக்கு. இங்கே கோத்தகிரியில் செய்தால் வாசலில் போலீஸ் ஜீப் நிற்கும்.

தீபாவளி கழிந்து ஒரு ஞாயிறு காலை, அங்கே சனி ராத்திரி, வீடியோ காலில் வந்தார். முகம் தொங்கிக் கிடந்தது. ஒரே குண்டு, ரெண்டு துப்பாக்கி. 4 இன்ச் குழாய் ரிவால்வர் சுத்தமாக இருக்கிறது. 20 இன்ச் ரைஃபிளில் மட்டும் ஈயம் அப்பிக்கொள்கிறது. டார்ச் அடித்துக் காட்டினார். குழாய் வாய்ப்பக்கம், கடைசி நாலஞ்சு இன்ச்சில், சாக்லேட் தாளைக் கிழித்து ஒட்டினாற்போல சாம்பல் மினுமினுப்பு. சுரண்டிச் சுரண்டி மணிக்கட்டே போச்சாம்.

"குண்டு சின்னதா இருந்தா சந்துல சூடான வாயு பூந்து, பின்பக்கம்தான் ஈயம் ஒட்டணும். அளந்து பாத்துட்டேன், சைஸ் சரியாத்தான் இருக்கு."

புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

அம்மா தோசைக்கல்லிலிருந்து திரும்பவேயில்லை. "குண்டுக்கு எண்ணெய் கிண்ணெய் தடவுவியாடா?"

"மெழுகுக்கா. குண்டைச் சுத்தி ஒரு பள்ளம் இருக்கும், அதுல வைப்பேன்."

"பின்ன என்ன? ஒரு தடவை எண்ணெய் தேய்ச்சா நாலு தோசை வரும். இருபதாவது தோசை ஒட்டத்தான் செய்யும். உன் மெழுகு பாதி வழியிலயே தீந்துபோகுது."

மாமா அசையவில்லை. எங்க ஊர் நெட்வொர்க்தான் சிக்கிக்கொண்டது என்று போனை ரெண்டு தட்டு தட்டினேன். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது.

மலைத்தேன் எடுக்கிற ஊரில் தேன்மெழுகுக்கா பஞ்சம்? ஊருக்கு வந்திருந்த சித்தி பையன் பெட்டியில், நார்த்தங்காய் ஊறுகாய்க்குப் பக்கத்தில், அரைக் கிலோ கட்டி போனது. மாமா அதில் எண்ணெய்ப் பசை கலந்து இளக்கி, பள்ளம் நிறையப் பூசியிருக்கிறார்.

அடுத்த கால். குழாய் வாயைச் சுற்றி மெழுகு நட்சத்திரம் மாதிரி படிந்திருந்தது. கடைசிவரை மெழுகு தாக்குப்பிடித்ததற்கு அதுதான் அடையாளமாம். உள்ளே ஈயம் துளியும் இல்லை. அம்மா எட்டிப் பார்த்து, "கோலம் கோணலா இருக்கு" என்றாள்.

மாமா குழைந்தார். "அக்கா, காரீயத்தோட துளி வெள்ளீயம் சேத்தா அச்சுல நல்லா நிரம்பும். அந்தப் பழைய சொம்புக் கட்டி இருக்கா?"

இருக்கிறது. சாமி அலமாரியில், பாட்டி போட்டோவுக்குப் பக்கத்தில்.

"இருக்கு, நேர்ல வந்து வாங்கிக்கோ. அம்மா பாக்கி வச்ச அடியும் இருக்கு."