மடுவத்தில் கழித்த கிலோவும் என் 150 டொலரும்

போன வாரம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கீழ் லயத்துத் தங்கச்சி ஒருத்தி மழையில் லெப்டொப்பைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, கிளையன்ட் ரீஃபண்ட் கேக்குறாரு, குடுத்துட்டா பிரச்சினை முடிஞ்சிருமா?" 22 டொலர் வேலை. முடித்துக் கொடுத்து எட்டு நாள் ஆகிவிட்டது, ஆள் கோப்புகளை எல்லாம் இறக்கிக்கொண்ட பிறகு "எதிர்பார்த்தபடி இல்லை" என்று ஒற்றை வரி எழுதிக் காசைத் திருப்பிக் கேட்கிறார். அவள் ஏற்கெனவே பாதி அழுதுவிட்டுத்தான் வந்திருந்தாள். அவளை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். தலவாக்கலை, ஹட்டன், பண்டாரவளை என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது இந்த ஒன்லைன் ஃப்ரீலான்ஸ் வேலைக்கு வருகிறார்கள், எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் ஒரே இடத்தில்தான் காசை விட்டிருக்கிறார்கள். நானும் அங்கேதான் விட்டேன்.

2024 ஒக்டோபரில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. வெளிநாட்டில் ஒன்லைனில் நகை விற்கும் ஒருவருக்கு 360 படங்கள். பின்னணியை வெட்டி வெள்ளையாக்கி, அடியில் நிழல் போட்டு, எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மொத்தம் 180 டொலர், 60 படி மூன்று மைல்ஸ்டோன், அதாவது வேலையைப் பிரித்துக் காசு வாங்கும் மூன்று கட்டம். படம் ஒன்றுக்கு அரை டொலர் என்றால் சும்மா இருக்கும்போது நல்ல காசு மாதிரித்தான் தெரியும். மோதிரம், தோடு என்றால் சரி. சங்கிலி வந்தால் ஒவ்வொரு வளையத்துக்கு நடுவிலும் பின்னணி எட்டிப் பார்க்கும், அந்தச் சின்னச் சின்ன ஓட்டைகளை பென் டூலில் புள்ளி புள்ளியாக வைத்து வெட்ட வேண்டும், ஒரு சங்கிலிக்கே ஒரு மணி நேரம் போன இரவுகள் உண்டு.

முதல் மைல்ஸ்டோனுக்கு மட்டும்தான் எஸ்க்ரோவில் காசு இருந்தது. புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன்: எஸ்க்ரோ என்பது கிளையன்ட் காசை முன்கூட்டியே, அவரையும் நம்மையும் சேர்த்துவைக்கும் ஒன்லைன் தளத்திடம் கட்டிவைப்பது. வேலையைக் கொடுத்து அவர் சம்மதித்ததும் அது நம் கணக்குக்கு வரும். மற்ற இரண்டு மைல்ஸ்டோனும் திரையில் பெயராக மட்டும் இருந்தன, பக்கத்தில் காசு இல்லை. கேட்டதற்கு, ஒவ்வொரு தடவையும் போட்டால் கார்ட் கட்டணம் கூடுகிறது, எல்லாவற்றையும் முடித்துவிடு, மொத்தமாக விடுவிக்கிறேன் என்றார். வாட்ஸ்அப்பில் சொன்னார். நான் "ஓகே சார்" என்று அனுப்பினேன்.

அந்த "ஓகே சார்" பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். எனக்கு ஆங்கிலம் எழுதத் தெரியும், கேள்வி கேட்கவும் தெரியும். ஆனால் காசு கொடுக்கிறவர் ஒன்று சொன்னால் தலையாட்டிவிட்டு, மனக்குறையை வீட்டுக்கு வந்து பேசுவது நம் ஆட்களிடம் தலைமுறை தலைமுறையாக ஊறிய பழக்கம். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் தோட்டத்துத் துரை முன்னால் நின்றவர்களின் பேத்தி நான். தேயிலைக்குப் பதில் திரை வந்ததும் அந்தப் பயம் தானாகப் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

360 படத்தையும் முடித்தேன். முதல் 120ஐத் தளத்தில் சப்மிட் செய்தேன், மீதி 240ஐ டிரைவில் ஏற்றி அந்த லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நவம்பர் 22ஆம் திகதி வெள்ளிக்கிழமை அவர் ஒப்பந்தத்தை மூடி, எஸ்க்ரோவில் இருந்த 60 டொலரையும் திருப்பிக் கேட்டுவிட்டார். அந்தத் தளத்தில் இப்படி ரீஃபண்ட் கேட்டால் நாம் ஏழு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் காசு தானாக அவரிடம் போய்விடும். அப்போது எனக்கு அது தெரியாது. மின்னஞ்சல் வந்ததும் தெரியாது. அந்த வாரம் எப்படிப்பட்ட மழை என்று மலையகத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான், 27ஆம் திகதி பரீட்சையையே இடையில் நிறுத்தினார்கள். கரன்ட் இல்லை, சிக்னல் இல்லை, மண்சரிவுக்குப் பயந்து இரண்டு குடும்பம் எங்கள் காம்பராவில் படுத்திருந்தது. 28ஆம் திகதி மதியம் மழை கொஞ்சம் விட்டபோது கோயில் மேட்டுக்கு ஏறிப் போனைத் தூக்கிப் பிடித்தேன், அப்போதுதான் அந்தக் கடிதம் இறங்கியது. ஆறாம் நாள். அங்கேயே நின்று, விரல் விறைக்க, "சம்மதமில்லை" என்பதை அழுத்தினேன்.

அப்புறம் தளத்தின் மத்தியஸ்தம். நம் ஊர் மத்தியஸ்த சபையை நினைத்துக்கொள்ளுங்கள், 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்ததே, அதே மாதிரித்தான். தீர்ப்பளிக்கும் அதிகாரம் இல்லை, இரண்டு பக்கத்தையும் கேட்டு ஒரு இணக்கத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். இரண்டு, மூன்றாம் மைல்ஸ்டோன் வேலையைத் தளத்தில் எங்கே கொடுத்தீர்கள் என்று கேட்டார். கொடுக்கவில்லை. அந்த மைல்ஸ்டோன்களில் காசு இருந்ததா? இல்லை. மொத்தமாகத் தருகிறேன் என்று சொன்ன பேச்சு தளத்துச் சேட்டில் இருக்கிறதா? அதுவும் இல்லை. கட்டாத காசை யாராலும் விடுவிக்க முடியாது, ஆகவே அந்த 120 டொலரைப் பற்றிப் பேசவே வழியில்லாமல் போனது. மீதி 60இல் கிளையன்ட் தரம் சரியில்லை என்றார். உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் தொகுதியில் 11 படத்தில் நிழல் இடப்பக்கம் விழுந்திருந்தது, அவர் கேட்டது வலப்பக்கம். அது என் பிழை, அரை மணி நேரத்தில் திருத்தியிருப்பேன், அவர் திருத்தம் கேட்கவே இல்லை. கடைசியில் பாதிக்குப் பாதி என்று முடிந்தது. இதற்கு மேல் நடுவர் தீர்ப்புக்குப் போகலாம், ஆனால் அதற்குக் கட்ட வேண்டிய கட்டணம் என் மொத்த வேலையை விடப் பெரியது. 30 டொலரில் தளத்தின் பங்கு போக 27. அன்றைய விலைக்கு எண்ணாயிரம் ரூபாய்க்கும் குறைவு.

அந்த வருஷம் செப்டெம்பரில்தான் தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபாயிலிருந்து 1350 ஆகியிருந்தது. முழுதாக வந்திருந்தால் அம்மாவின் 35 நாள் சம்பளத்துக்குக் கிட்ட வந்திருக்கும். வந்தது ஆறு நாள் சம்பளம்.

அம்மாவிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. ஏச்சு விழும் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "நிறுக்கிறப்ப நீ எங்க பாத்துக்கிட்டு நின்ன?"

மடுவம் தெரியாதவர்களுக்கு: பறித்த கொழுந்தை நிறுக்கும் இடம். எங்கள் தோட்டத்தில் நாளுக்கு 18 கிலோ எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம். கூடைக்கு என்று கழிப்பார்கள், மழை நாளில் இலையில் தண்ணீர் என்று இன்னும் கழிப்பார்கள், 19 கிலோ பறித்தவள் 16 என்று எழுதப்பட்டு நிற்பாள். அம்மா முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். கொக்கியில் படங்கை மாட்டியதும் தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார், முள் நின்றதும் "பத்தொம்பதரை!" என்று வரிசையில் கடைசியாக நிற்கிறவளுக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொல்வார். சண்டைக்காக இல்லை. எழுதுகிறவர் எழுதுவதற்கு முன்னால் பத்துப் பேர் காதில் அந்த எண் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். கழிக்கிறதென்றால் அந்தப் பத்துப் பேருக்கு முன்னால்தான் கழிக்க வேண்டும்.

தளத்துக்குள் இருக்கும் சேட்தான் எனக்கு இப்போது அந்த வரிசை. யாராவது வாட்ஸ்அப்பிலோ அழைப்பிலோ ஏதாவது சொன்னால், உடனே தளத்துச் சேட்டில் "இப்போது பேசியபடி, 120 படம், வெள்ளைப் பின்னணி, நிழல் வலப்பக்கம், இரண்டு தடவை திருத்தம், சரிதானே?" என்று எழுதி அவரிடம் "ஆம்" வாங்கிவிடுகிறேன். காசு கட்டாத மைல்ஸ்டோனில் ஒரு படத்தைக்கூடத் தொடுவதில்லை. கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. போகட்டும். கட்டணம் கூடுகிறது என்ற கதையை அப்புறமும் இரண்டு பேர் சொன்னார்கள், இரண்டு பேரிடமும் ஒரே மைல்ஸ்டோனாகப் போட்டு முழுக் காசையும் கட்டுங்கள் என்றேன், ஒருவர் கட்டினார், மற்றவர் காணாமல் போனார்.

வேலையை முறையாக சப்மிட் பண்ணும் பொத்தானை அழுத்துவதும் முக்கியம், சேட்டில் கோப்பைப் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. அப்வர்க் என்ற தளத்தில் நிலையான விலை வேலை என்றால் அந்தப் பொத்தானை அழுத்தியதிலிருந்துதான் 14 நாள் எண்ணத் தொடங்கும், அதற்குள் கிளையன்ட் ஒன்றும் சொல்லாவிட்டால் காசு தானாக விடுபடும். ஃபைவர் தளத்தில் அது மூன்று நாள். பேசாமல் இருக்கும் கிளையன்ட்டிடம் கெஞ்சிக்கொண்டு இருப்பதை விட இந்த நாட்கணக்கு நமக்கு நல்லது.

மணிக்கணக்கு வேலை வேறு. அப்வர்க்கில் ஓடும் செயலி பத்து நிமிடத்துக்கு ஒன்றாகத் திரையைப் படம் பிடிக்கும், அப்படிப் பதிவான நேரத்துக்குப் பாதுகாப்பு உண்டு, நாமாகக் கையால் எழுதிய மணிக்கு இல்லை. பண்டாரவளை அண்ணன் ஒருவர் வேறொரு தளத்தில் இதே மாதிரி வேலை செய்தவர், 2022 மார்ச்சில், நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரன்ட் போன அந்த நாட்களில், இணைப்பே இல்லாமல் வேலை செய்துவிட்டு மணியைக் கையால் எழுதினார். மாதக் கடைசியில் கிளையன்ட் அவ்வளவையும் மறுத்தார். அவர் பொய் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் காட்ட ஒன்றும் இல்லை.

இன்னொன்று, வெளியே வா, பேபாலில் தருகிறேன், கொமிஷன் மிச்சம் என்று கூப்பிடுவார்கள். இலங்கைக் கணக்கில் பேபாலால் காசு கட்டலாம், வாங்க முடியாது என்ற நிலை பல வருஷமாக இருந்ததால்தான் நம்மில் பலர் பேயோனியர் என்ற பணம் அனுப்பும் சேவை வழியாக வங்கிக்கு எடுக்கிறோம். வெளியே போனால் கணக்கையே மூடிவிடுவார்கள், காசு வராவிட்டால் முறையிட இடமும் இல்லை. தொழில் திணைக்களத்தில் போய்ச் சொல்லக்கூடிய வழக்கு இல்லை இது.

தங்கச்சிக்கு வந்த கடைசிச் செய்தி இன்னும் மோசம்: காசைத் திருப்பாவிட்டால் ஒரு நட்சத்திரம்தான். அதைப் பார்த்துத்தான் அவள் பயந்திருந்தாள். எனக்கு அதைப் பார்த்ததும் நிம்மதி. ரிவியூவைக் காட்டி மிரட்டிக் காசு கேட்பதை இந்தத் தளங்கள் தங்கள் விதியிலேயே தடுத்திருக்கின்றன, இந்த மனிதர் அதைத் தளத்துச் சேட்டிலேயே தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைப் படம் பிடித்தோம். அவர் முதலில் கேட்டது என்ன, இவள் கொடுத்தது என்ன என்று திகதியோடு பக்கத்துக்குப் பக்கம் வைத்தோம். இவள் எழுதிய முதல் வரி "மன்னிக்கவும் சார்" என்று தொடங்கியது, அழிக்கச் சொன்னேன். எதற்கு மன்னிப்பு? இரண்டாம் தடவை எழுதியது நன்றாக இருந்தது: வேலை கேட்டபடி கொடுக்கப்பட்டது, திருத்தம் தேவையென்றால் எந்தக் கோப்பில் என்ன என்று சொல்லுங்கள், ரீஃபண்டுக்குச் சம்மதமில்லை. அனுப்பும் முன் என்னைப் பார்த்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளே அழுத்தினாள்.

இன்றைக்கு ஐந்தாம் நாள். இன்னும் பதில் இல்லை. காலையில் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது கேட்டேன், மின்னஞ்சலை ஒரு நாளைக்கு மூன்று தடவை பார்க்கிறேன் அக்கா என்றாள். பதில் வந்ததும் கீழே எழுதுகிறேன்.