விசுவாசமுள்ள குடும்பம் என்று எழுதுவது

"வந்த காரணம் ஸ்கூல்தான் அக்கா, பொய் சொல்ல ஏலாது. இப்ப ஏன் வாறேன் என்டு கேட்டா எனக்கே சரியா விளங்கல்ல."

எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்கு அலுவலகத்தில் என் மேசைக்கு எதிரே இருந்து ஒரு தாய் சொன்ன பதில் இது. நான் கேட்டது, "மகனுக்கு இடம் கிடைச்ச பிறகும் பூசைக்கு வருவீங்களா?" கடுமையாகக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அவரும் கோபப்படவில்லை. கைப்பையின் சிப்பைத் திறந்து மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் வாய் திறந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கக் கடிதம் வேண்டி வருகிற எவரும் அந்த இடத்தில் யோசிப்பதில்லை. "கட்டாயம் வருவோம் மிஸ்" என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

கொழும்பில் கத்தோலிக்கப் பாடசாலையில் பிள்ளை சேர்த்தவர்களுக்கு இந்தக் கடிதத்தைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், அதோடு பங்குத்தந்தையின் கடிதம். 1960, 61இல் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது, சில பாடசாலைகள் மட்டும் அரசாங்கப் பணம் இல்லாமலே தனித்து நின்றன. இன்றைக்கு இடத்துக்கு நெருக்கடி அந்தச் சிலவற்றில்தான். அரசு எடுத்த பாடசாலைகளிலும் முதலாம் ஆண்டுச் சேர்ப்பில், பொறுப்பேற்ற காலத்தில் இருந்த மத விகிதத்தைப் பார்க்கிறார்கள், ஆகவே அங்கேயும் பிள்ளை என்ன சமயம் என்பது காகிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும். பிள்ளைக்கு மூன்று வயதாகும்போது சில குடும்பங்கள் முன்வரிசைக்கு வரத் தொடங்குவதையும், ஐந்து வயது கடந்ததும் காணாமல் போவதையும் எங்கள் பங்கில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பிள்ளையின் படிப்புக்காக ஓடுகிறவர்களைப் பழிக்க எனக்கு மனம் வராது. ஆனால் அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்கிறவள் நான்.

எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரிக் கடிதம் இருக்கிறது, எனக்கு முன்னால் வேலை செய்தவர் காலத்திலிருந்தே இருப்பது. பெயர், விலாசம், ஞானஸ்நானத் திகதி, பதிவேட்டு இலக்கம், கடைசியில் ஒரு வரி: "இவர்கள் ஒழுங்காகத் திருப்பலியில் பங்குபற்றும், விசுவாசமுள்ள கத்தோலிக்கக் குடும்பத்தினர் என உறுதிப்படுத்துகிறேன்." நான் இந்தப் பங்கிலேயே பிறந்து வளர்ந்தவள், எல்லா வீட்டையும் தெரியும் என்பதால் யாருக்கு என்ன எழுதுவது என்பதை ஃபாதர் பெரும்பாலும் என்னிடமே விட்டுவிடுவார். வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

அந்தத் தாய் அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் சைவக் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் கத்தோலிக்கர், கட்டாரில் வேலை. ஊரில் இருந்த காலத்திலும் அவரை நான் கோயிலில் கண்டதில்லை. இவர் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டு, மகனுக்கு ஞானஸ்நானம் கேட்டு வந்தார். பெற்றோருக்கான வகுப்புக்கு வரச் சொன்னார்கள், வந்தார். அதோடு நிற்காமல் பெரியவர்களுக்கான ஆயத்த வகுப்பிலும் சேர்ந்து, அடுத்த உயிர்ப்பு விழாவின் பாஸ்கா இரவில் தானும் ஞானஸ்நானம் பெற்றார். வகுப்பில் கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான். "எங்களுக்குத் தீமை செஞ்சவங்கள நாங்க மன்னிக்கிறது போல என்டு செபத்துல வருதே, நாங்க மன்னிக்காட்டி எங்களுக்கும் இல்லையா?" என்று ஒருநாள் கேட்டார், மாமியாரை மனதில் வைத்துத்தான் கேட்டிருப்பார் போல. நான் பேச்சு வந்த நாளிலிருந்து சொல்லும் செபம் அது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அந்த வரியை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

இவ்வளவும் தெரிந்துதான் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அதற்குக் காரணம் இருந்தது. முந்திய வருடங்களில் நான் கடிதம் அடித்துக்கொடுத்த சில குடும்பங்களைப் பிறகு பெரிய வெள்ளிக்கிழமையில்கூடக் காணவில்லை. பங்குச் சபையில் அதைப் பற்றிக் கதை வந்தது. திருச்சபைச் சட்டத்திலும், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது அது கத்தோலிக்க நம்பிக்கையில் வளர்க்கப்படும் என்று நம்ப இடமிருக்க வேண்டும், அறவே இடமில்லையென்றால் தள்ளிப்போட வேண்டும் என்று 868ஆம் விதி சொல்கிறது. அப்படியென்றால் நாளைக்கும் வருவீர்களா என்பது நானாகக் கண்டுபிடித்த கேள்வி இல்லை, சபை கேட்கச் சொல்லுகிற கேள்விதான். இப்படிச் சொல்லும்போது மனம் கொஞ்சம் ஆறுகிறது. பிறகு அந்தச் சட்டம் நம்ப இடமிருக்கிறதா என்று மட்டும்தானே பார்க்கச் சொல்கிறது, அத்தாட்சி கேட்கவில்லையே என்று தோன்றுகிறது, ஆறியது திரும்பக் கிளம்புகிறது.

அவருடைய கடிதத்தில் நான் "ஒழுங்காகத் திருப்பலியில் பங்குபற்றுகிறார்" என்று மட்டும் எழுதினேன். விசுவாசமுள்ள குடும்பம் என்பதை எழுதவில்லை. அவருக்கே விளங்கவில்லை என்று சொன்ன ஒன்றை ஃபாதரின் பெயரில் நான் எப்படி உறுதிப்படுத்துவது? வருகிறார் என்பது எனக்குத் தெரியும், கண்ணால் கண்டது. அதற்கு மேல் இருப்பது கடவுளுக்குத் தெரிந்தது. இது சரி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் பெரும்பாலான நேரம் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் அதே காலையில் இன்னொரு கடிதமும் அடித்தேன். பங்கின் பழைய குடும்பம், பாட்டனார் காலத்தில் கொடுத்த சுரூபத்தின் கீழே பளிங்கில் பெயர் இருக்கிறது. பிள்ளையின் தகப்பன் பூசை முழுக்க வெளி வாசலில் தூணோடு சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டு நிற்பவர், நற்கருணை நேரத்தில் மட்டும் உள்ளே வருவார். பாடல்கள் எல்லாம் மனப்பாடம், எழும்ப வேண்டிய இடத்தில் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே நிமிர்ந்து நிற்பார். அவருக்கு அந்த வரி அப்படியே போனது. மாதிரிக் கடிதத்தில் இருந்ததை நான் தொடவில்லை. அவரிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

யோவான் நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில், அப்பம் சாப்பிட்டுத் திருப்தியானதால்தான் என்னைத் தேடுகிறீர்கள் என்று இயேசு ஜனங்களின் முகத்துக்கு நேரே சொல்கிறார். என் கேள்விக்கு அது துணை. வந்த காரணத்தைக் கேட்பது பாவமில்லை என்று அந்த இடத்தை வாசிக்கும்போது தோன்றும். ஆனால் மாற்கு 9இல் இன்னொரு தகப்பன் வருகிறான். அவனும் பிள்ளைக்காகத்தான் வந்தான், பிள்ளைக்கு வியாதி இல்லையென்றால் வந்திருக்கவே மாட்டான். உம்மால் ஏதாவது கூடுமானால் என்று இழுத்துக்கொண்டு பேசுகிறான், விசுவாசத்தைப் பற்றிக் கேட்டதும் விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசத்துக்கு உதவி செய்யும் என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்லி அழுகிறான். இயேசு அதற்குமேல் அவனை விசாரிக்கவில்லை. பிள்ளை சுகமான பிறகும் வருவாயா என்று கேட்கவில்லை. அந்தத் தாய் என்னிடம் சொன்னதும் கிட்டத்தட்ட அந்தப் பதில்தான். நான் அதைக் குறைவாக எடுத்துக்கொண்டேன். அல்லது குறைவாக எடுக்கவில்லை, அவர் சொன்ன அளவுக்கே எழுதினேன். இரண்டில் எது என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

இந்த ஊரில் விசுவாசத்தைக் காகிதத்தில் எழுதுவது நேற்று வந்த பழக்கம் இல்லை. 1656இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர், அரசாங்கப் பதவிக்கும் சொத்துரிமைக்கும் திருமணப் பதிவுக்கும் தங்கள் சீர்திருத்தச் சபையின் ஞானஸ்நானத்தைக் கேட்டார்கள். பாடசாலைத் தோம்புகள் என்ற பதிவேடுகளில் பெயர்கள் நிரம்பின. 1796இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் போனதும் பதிந்தவர்களில் பெருந்தொகையானோர் பழைய சமயத்துக்கே திரும்பினார்கள். ஆட்டுப்பட்டித்தெருப் பக்கம் போகும்போது, 1757இல் திறந்த அந்த வுல்பெண்டால் ஆலயத்தின் தடித்த சுவர்களைப் பார்த்து நான் இதை நினைப்பதுண்டு. ஆனால் அதே பதிவேட்டில் பெயர் இருந்தவர்களில் சிலர் இரவில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்ன கத்தோலிக்கர்களும்தான். காகிதம் ஒரு பக்கம் இல்லாததை இருப்பதாகச் சொன்னது, இன்னொரு பக்கம் இருந்ததை மறைத்தது. 1687இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த கத்தோலிக்கக் குரு யோசேப் வாஸ் சுவாமி அவர்களை எப்படித் தேடினார் என்று சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் சொல்லித் தந்தார்கள். பிச்சைக்காரனாகக் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனாராம், அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்தாராம். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது வெயிலில் நின்ற அந்தப் பெருங்கூட்டத்தில் நானும் இருந்தேன். அவரிடம் மாதிரிக் கடிதம் இருக்கவில்லை. முகத்தைப் பார்த்தார், காத்திருந்தார். எனக்கு மேசைக்கு எதிரே இருந்த முகத்தைப் பார்க்க நேரம் இருந்தது. பார்க்காமலும் இல்லை.

பழக்கத்தையும் நான் இலேசாகப் பேச மாட்டேன். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த செய்தி வந்தபோது, என் வாயில் வந்தது நானாக யோசித்துச் சொன்ன எந்தச் செபமும் இல்லை. "அருள் நிறைந்த மரியே" மட்டும்தான் வந்தது, திரும்பத் திரும்ப, அர்த்தம் நினைக்காமல். மனம் கல்லாகக் கிடந்தது, கடவுளிடம் சொல்ல ஒன்றும் இல்லை, வாய் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. கோயில்களில் பூசை நிறுத்தப்பட்டு, அடுத்த ஞாயிறு கர்தினாலின் பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்தபோதும் அப்படித்தான். அது விசுவாசமா வெறும் பழக்கமா என்று அன்று யாராவது மேசை போட்டுக் கேட்டிருந்தால் நானும் விளங்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். தூணோடு சாய்ந்து நிற்கிறவர் என்று சொன்னேனே, அவர் அந்த வாரம் முழுக்க வேலைக்குப் போகாமல் இறந்தவர்களின் வீடுகளுக்குப் பெட்டி, வேன், சாப்பாடு என்று ஓடித் திரிந்தார். பாதிப் பேரை அவருக்கு முன்பின் தெரியாது. ஆகவே அவருக்கு அந்த வரியை எழுதியது பொய் என்றும் என்னால் சொல்ல முடியாது. வாசலில் நிற்பதை வைத்து அவரை அளந்தாலும் பிழை, வகுப்பில் கேட்ட கேள்வியை வைத்து அந்தத் தாயை அளந்தாலும் பிழையாக இருக்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு வந்து, எல்லாப் பதிலும் பிசகாமல் சொல்லி, உள்ளே ஒன்றுமே அசையாமல் வீட்டுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். கர்த்தாவே, கர்த்தாவே என்று சொல்லுகிறவர்கள் எல்லோரும் பரலோகம் போவதில்லை என்று மத்தேயு 7இல் சொன்னது எங்களைப் போன்ற கோயில் ஆட்களுக்குத்தான், வெளியே நிற்பவர்களுக்கு இல்லை. அதை வாசிக்கும்போது எனக்குப் பயமாகவே இருக்கும்.

அந்தத் தாயின் பிள்ளைக்கு அந்தப் பாடசாலையில் இடம் கிடைக்கவில்லை. கடிதத்தால்தானா என்று எனக்குத் தெரியாது. விண்ணப்பங்கள் குவிகின்றன, நேர்முகம் வைக்கிறார்கள், தூரம் பார்க்கிறார்கள். பிறகு சில ஞாயிறுகள் அவர் மகனோடு வந்தார், வழக்கமான இடத்திலேயே இருந்தார். அதன்பின் கணவர் திரும்பி வந்து வத்தளைப் பக்கம் வீடு எடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அங்கே கோயிலுக்குப் போகிறாரா, என் கேள்விக்கு என்ன பதில் ஆயிற்று என்பது தெரியாது. வத்தளையில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், விசாரிக்கலாம். ஆனால் போகிறார் என்று கேட்டால் நிம்மதிப்படுவதும், போகவில்லை என்று கேட்டால் நான் எழுதாமல் விட்டது சரிதான் என்று தலையாட்டுவதும், இரண்டுமே அவரைத் திரும்பவும் அந்தக் கதிரையில் இருத்திக் கேள்வி கேட்பது போலத்தான். ஆகவே விசாரிக்கவில்லை.

ஃபாதரிடம் மட்டும் பேசினேன். அந்த வரியை எல்லோருடைய கடிதத்திலிருந்தும் எடுத்துவிடுவோம், வருகிறார்கள் என்பதை மட்டும் எழுதுவோம், மற்றது எங்களுக்குத் தெரியாதது என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, "எல்லாப் பங்கிலும் எழுதுறாங்க பிள்ளை, எங்கட பங்கில மட்டும் இல்லாட்டி எங்கட பிள்ளைகளுக்குத்தானே பாதிப்பு" என்றார். அதுவும் நியாயம்தான். அப்புறம், "அந்தத் தாய் விளங்கல்ல என்டு சொன்னதை நீ எனக்குச் சொல்லியிருந்தா நான் எழுதியிருப்பேன்" என்றார். ஏன் என்று கேட்டேன். "விளங்கிச்சு என்டு சொல்றவங்களுக்கு எழுதுறேனே" என்றார். அவருக்கு அன்றைக்கு நோயாளர் வீடு ஒன்றுக்குப் போக இருந்தது, பேச்சு அதோடு நின்றது.

இந்த வருடக் கடிதங்கள் தொடங்கிவிட்டன. நான் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. மாதிரிக் கடிதத்தைத் திறந்ததும் அந்த வரியின் பின்பாதியை எல்லோருக்கும் அழித்துவிட்டுத்தான் அச்செடுக்கிறேன், பழைய குடும்பம் புதுக் குடும்பம் பார்ப்பதில்லை. ஃபாதர் அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்துப் போடும்போது சில கடிதங்களில் அவரே பேனாவால் அந்தச் சொற்களை எழுதிச் சேர்க்கிறார், சிலவற்றை அப்படியே விட்டுவிடுகிறார். எதை வைத்து என்று நான் கேட்கவில்லை.