கணக்குப் போடுவது யார்?

கொழும்பு வெள்ளவத்தை காலி வீதியில் மழை பிடித்துக்கொண்ட சில நிமிடங்களுக்குள், கொட்டாஞ்சேனைக்கான ஓட்டோக் கட்டணம் கைபேசிச் செயலியின் திரையில் கண்முன்னே ஏறியது.

வந்த ஓட்டோக்காரர், பொலித்தீன் பையால் மூடி இறப்பர் வளையத்தால் கட்டியிருந்த தன் கைபேசியைக் காட்டினார். யாரோ ஒரு பயணி நட்சத்திரங்களைக் குறைத்துப் போட்ட பிறகு தனக்கு ஓட்டங்கள் குறைந்துவிட்டதாகச் சொன்னார். "ஏன் எண்டு ஆரிட்டப் போய்க் கேக்கிறது, தம்பி?"

ஆனாலும், அரைகுறைச் சிங்களத்தில் பேரம் பேசி ஏமாந்த காலத்துக்குத் திரும்ப எனக்கு விருப்பமில்லை. இரவில் தனியே பயணிக்கும் பெண்ணுக்கு, பயணம் எங்கோ பதிவாகிறது என்பதே பெரிய தெம்பு.

கட்டணத்தையும் ஓட்டங்களையும் தீர்மானிக்கும் இதே வகைக் கணினிக் கணக்குத்தான் நம் முகநூலில் எது மேலே வர வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. 2018 மார்ச்சில் கண்டிக்கு அருகேயுள்ள திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது வெறுப்புப் பதிவுகள் பரவிய வேகத்தை நாம் பார்த்தோம். முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020இல்தான்.

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், முற்றிலும் தன்னியக்கமாக எடுக்கப்பட்ட தீர்மானத்தை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையைத் தருகிறது. (அதன் முக்கிய பகுதிகளை நடைமுறைப்படுத்தும் திகதியை ஒத்திவைத்தார்கள் என்பது வேறு கதை.) ஆனால் அத்தீர்மானம் ஒருவரின் உரிமைகளில் மீளமுடியாத, தொடர்ச்சியான தாக்கத்தை ஏற்படுத்தியிருக்க வேண்டுமாம், அல்லது ஏற்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டுமாம். ஒரு தொழிலாளியின் அன்றாட வருமானம் குறைவது அந்த வரையறைக்குள் அடங்குமா என்பதை யாராவது வழக்காடித்தான் பார்க்க வேண்டும்.