நில் ரிப்போர்ட்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் செய்திமடலுக்கு எங்கள் துறையின் ‘செய்திகளும் சாதனைகளும்’ பகுதியைத் தொகுத்து எழுதும் வேலை என் தலையில் விழுந்து 11 வருடம் ஆகிறது. நானாகக் கேட்டு வாங்கியதில்லை. ஒருமுறை ஒரு விழா அழைப்பிதழில் நான்கு ஒற்றுப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். அன்றோடு மாட்டிக்கொண்டேன். மாட்டுக்கு மருத்துவம் பார்க்கப் படித்தவனிடம் இப்போது ‘இங்கே க் வருமா சார்?’ என்று கேட்டுக்கொண்டு ஆள் வருகிறது.

செய்தி அனுப்ப ஒரு படிவம் உண்டு. வெளியான ஆய்வுக் கட்டுரைகள், கலந்துகொண்ட கருத்தரங்குகள், நிதி கிடைத்த திட்டங்கள், விருதுகள், நடத்திய பயிற்சிகள், பயனடைந்தோர் எண்ணிக்கை என்று வரிசையாகக் கட்டங்கள். எல்லாவற்றுக்கும் கீழே ‘பிற’ என்று விரல் அகலத்தில் ஒன்று. அந்த விரல் அகலக் கட்டத்தோடுதான் எனக்கு வழக்கு.

மற்ற கட்டங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1987-ல் விழுப்புரம் பக்கம் அரசூரில் ஆடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல், மூக்கொழுகல். பார்த்தால் மாட்டுக்கு வரும் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) போலவே இருந்தது. ஆராய்ந்ததில் அது ஆட்டுக்கொல்லி நோய் என்று தெரிந்தது. இந்தியாவில் அந்த நோய் கண்டறியப்பட்டது அதுதான் முதல் முறை. அங்கே எடுத்த வைரஸையே ஆய்வுக்கூடத்தில் பழக்கி, வீரியம் குறைத்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியை உருவாக்கியது. அதன் பெயர் ‘அரசூர் 87’. ஒரு கிராமத்தின் பெயர் ஊசி மருந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இதற்கெல்லாம் கட்டம் போதாது, முழுப்பக்கமே கொடுக்கலாம். நான் சொல்ல வருவது வேறு வகை வேலையைப் பற்றி.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். பணிக்கு வந்த புதிதில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஓர் ஊரில் ஆடுகளுக்குத் தடுப்பூசி முகாம் ஏற்பாடு செய்தேன். பேனர், நாற்காலி, சிறப்பு விருந்தினர், பொன்னாடை எல்லாம் தயார். விருந்தினர் காலை 10:30-க்குத்தான் வந்தார். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை முடியும்போது மணி 12. ஐஸ் பெட்டியில் இருந்த ஐஸ் பாதி தண்ணீராகிவிட்டது. சரி, ஆடுகளைக் கொண்டுவாருங்கள் என்றால், ஆடு எங்கே இருக்கிறது? காலையிலேயே மேய்ச்சலுக்கு மலையேறிப் போய்விட்டது. உரை கேட்க உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஆட்டுக்கு ஊசி போடறவரு கோழி கூவுறப்பவே வரணும் சார். பத்து மணிக்கு வந்தா எங்களுக்குத்தான் போடணும்.”

அன்று ஊசி போட்டது வீட்டில் கட்டிக் கிடந்த குட்டி ஆடுகளுக்கும் நொண்டி ஆடுகளுக்கும்தான். ஆனால் செய்திமடலில் என்ன வந்தது தெரியுமா? ‘தடுப்பூசி முகாம் சிறப்பாக நடைபெற்றது. திரளான கால்நடை வளர்ப்போர் பங்கேற்றுப் பயனடைந்தனர்.’ எழுதியவன் நான்தான். ‘திரளான’ என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் எதிலும் எழுதுவதில்லை.

அப்புறம் இரண்டு வருடம் கழித்து ஒரு ஐப்பசி. வறண்டு கிடந்த மண்ணில் நல்ல மழை விழுந்த வாரம். வேலூர் பக்கம் அணைக்கட்டு என்ற ஊர்ப் பகுதியிலிருந்து ஒரு ஆட்டுக்காரர் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் உரச்சாக்கு ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். சாக்குக்குள் செத்த ஆடு. “ராத்திரி நல்லாத்தான் துன்னுச்சு சார். காலைல பாத்தா கெடக்குது. ரெண்டு நாள்ல இது மூணாவது. அறுத்துப் பாத்து இன்னான்னு சொல்லுங்க” என்றார்.

சாக்கின் வாயைப் பிரித்ததும் ஆட்டின் மூக்கில் கறுத்த ரத்தம். உறையாமல் கசிந்துகொண்டிருந்தது. வயிறு உப்பியிருந்தது. எனக்குக் கை நின்றுவிட்டது. கத்தியை எடுக்காதே என்று கல்லூரியில் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்த காட்சி இதுதான். அடைப்பான்.

அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ், என்று சந்தேகம் வந்தால் உடலை அறுக்கக் கூடாது. செத்த உடலுக்குள் மூடிக் கிடக்கும்வரை அந்தக் கிருமி அழுகலிலேயே பெரும்பாலும் அழிந்துவிடும். அறுத்துக் காற்றுப் பட்டால் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு வித்தாகிவிடும். அந்த வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் படுத்துக் கிடக்கும். மழை பெய்து மேலே வரும்போது புல்லோடு ஆட்டின் வாய்க்குள் போகும். ஆக, ஆசையாக ஒரு போஸ்ட்மார்ட்டம் செய்தோம் என்றால் அந்த இடத்துக்கு நோயை நாமே விதைத்ததாக அர்த்தம்.

காது ரத்தக்குழாயில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சிலைடில் தடவி, குத்திய இடத்தைப் பஞ்சால் அடைத்தேன். பாலிகுரோம் மெத்திலின் புளூ சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், நீல நிறத்தில் குச்சி குச்சியாகக் கிருமிகள். முனை சதுரமாக வெட்டினாற்போல் மூங்கில் துண்டு மாதிரி இருக்கும். அவற்றைச் சுற்றி இளஞ்சிவப்பில் ஒரு படலம். எத்தனை முறை படத்தில் பார்த்திருந்தாலும், நேரில் பார்க்கும்போது அது ஓர் அழகான காட்சி என்று மனம் சொல்லிவிடுகிறது. அதற்காக உடனே வெட்கமும் வருகிறது. வெளியே திண்ணையில் அந்த மனிதர் மூன்று ஆட்டின் விலையை மனதுக்குள் கூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

“முதல் ரெண்டு ஆட்டை என்ன செஞ்சீங்க?” என்று கேட்டேன். பதில் வரவில்லை. கீழே பார்த்தார். கேட்ட பிறகுதான் அது எப்படிப்பட்ட கேள்வி என்று எனக்குப் புரிந்தது. செத்த ஆட்டைப் புதைக்க ஏழைக்கு மனசு வராது. கறியாகப் பங்கு போயிருந்தது. அறுத்தவரின் முன்கையில் நான்கைந்து நாளில் ஒரு கொப்புளம் வந்தது. வலி இல்லை. நடுவில் கரி மாதிரி கறுப்புப் பொருக்கு. வலியில்லாததால் அவர் கண்டுகொள்ளவே இல்லை. பிடித்து மருத்துவமனைக்கு அனுப்பினோம். இந்தக் கிருமி பெனிசிலினுக்கு அடங்கக்கூடியது, நேரத்துக்குப் போனால். அவர் நேரத்துக்குப் போனார்.

மறுநாளிலிருந்து கால்நடைப் பராமரிப்புத் துறைக்காரர்களோடு சேர்ந்து வேலை. சாக்கில் வந்த ஆட்டை 6 அடி ஆழக் குழியில் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தோம். சாக்கையும் சேர்த்துத்தான். ரத்தம் சிந்திய இடத்தைக் கொளுத்தினோம். அந்த ஊரிலும் சுற்று ஊர்களிலும் விடியற்காலை 5 மணிக்குப் பட்டி பட்டியாகப் போய்த் தடுப்பூசி. பேனர் இல்லை, பொன்னாடை இல்லை. டார்ச் வெளிச்சத்தில் ஆட்டின் பின்னங்காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கும்போது அந்த ஜவ்வாது மலைப் பெரியம்மாவை நினைத்துக்கொண்டேன். அடைப்பான் தடுப்பூசியின் பாதுகாப்பு ஏறக்குறைய ஒரு வருடம்தான். அதனால் நோய் வந்த ஊருக்கு வருடா வருடம் போயாக வேண்டும்.

அடுத்த ஐப்பசி வந்தது. மழையும் வந்தது. ஆடு ஒன்றும் சாகவில்லை.

படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். கட்டுரையா? இல்லை. விருதா? இல்லை. பயிற்சியா? ஆட்டுக்கு ஊசி போடுவதைப் பயிற்சி என்று எழுத முடியாது. ‘பிற’ கட்டத்தில் ‘அணைக்கட்டுப் பகுதி ஊர் ஒன்றில் இவ்வருடம் அடைப்பான் நோய் வரவில்லை’ என்று எழுதினேன். கணினியில் ஏற்றும் தம்பி அதை வாசித்துவிட்டு, “வரலைன்னா அதை ஏன் சார் போடணும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த இதழில் அது வரவில்லை. பதிலாக, நான் ஒரு கருத்தரங்கில் சான்றிதழ் வாங்கும் படம் வந்தது.

இந்தக் கதையை ஆற்காட்டில் இருக்கும் என் சீனியர் ஒருவரிடம் புலம்பினேன். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆனவர். “நீ ஒரு ‘இல்லை’க்கே இவ்வளவு வருத்தப்படறியா? நாங்க ஆயிரக்கணக்குல ‘இல்லை’ எழுதினவங்கப்பா” என்று ஆரம்பித்தார்.

வெக்கை நோய்க் கதை அது. இன்றைய மாணவர்களுக்கு அது புத்தகத்தில் ஒரு பக்கம். அந்தக் காலத்தில் ஒரு ஊருக்குள் புகுந்தால் ஏர் ஓட்ட மாடு மிஞ்சாது. ராணிப்பேட்டையில் 1932-ல் சீரம் நிலையம் தொடங்கியதே முக்கியமாக இந்த நோய்க்கு எதிரான சீரம் தயாரிக்கத்தான். இன்று அடைப்பான், கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் என்று பல நோய்களுக்கும் அங்கே தடுப்பு மருந்து தயாராகிறது. (வெள்ளைக்கழிச்சலுக்கு ‘ராணிக்கெட்’ என்று பெயர் இருப்பதால் அது நம் ராணிப்பேட்டையில் கண்டுபிடித்த நோய் என்று வருடத்துக்கு ஒரு மாணவராவது வாய்மொழித் தேர்வில் சொல்லிவிடுகிறார். அது இமயமலைப் பக்கம், இன்றைய உத்தராகண்டில் இருக்கும் ஊர். நமக்கும் அதற்கும் ‘ராணி’ மட்டும்தான் பொது.)

இந்தியாவில் வெக்கை நோய் கடைசியாகத் தலைகாட்டியது 1995-ல். எங்கே? இதே வட ஆற்காட்டில். நாட்டிலேயே கடைசி என்ற பெருமையை எடுத்துக்கொள்ளவும் முடியாது, விடவும் முடியாது.

அதை அடக்கிய பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது என்றார் சீனியர். நோய் போய்விட்டது என்று சொன்னால் உலகம் நம்பாது. ஊசி போட்டுக்கொண்டே இருந்தால், மாட்டின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புச் சக்தி ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் ஊசியை நிறுத்த வேண்டும். காவலை எடுத்துவிட்டு, திருடன் வருகிறானா என்று கண் விழித்துப் பார்ப்பது மாதிரி. ஊர் ஊராகப் போய், சந்தைக்கு மாடு ஓட்டிப் போகும் தடங்களில் நின்று, “வெக்கை வந்துச்சா? வாய்ப்புண்ணோட கழிச்சல் வந்துச்சா?” என்று கேட்டு எழுத வேண்டும். ஊர்ப் பெயர், தேதி, விசாரித்த ஆள், பதில். பதில் எல்லாம் ஒரே சொல்தான்.

“எங்க ஆபீஸ்ல நில் ரிப்போர்ட், அதான் ‘ஒண்ணும் இல்லை’ங்கற அறிக்கை, அனுப்பறவன்னா வேலை செய்யாதவன்னு பேரு” என்று சிரித்தார். “அந்த நில் ரிப்போர்ட்டையெல்லாம் அடுக்கித்தான் நாடு சர்டிபிகேட் வாங்குச்சு.”

2006-ல் இந்தியா வெக்கைத் தொற்றே இல்லாத நாடு என்று அங்கீகாரம் பெற்றது. 2011-ல் உலகத்திலிருந்தே அது ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். மனிதர்களின் பெரியம்மைக்குப் பிறகு, பூமியை விட்டு மனிதன் துரத்திய இரண்டாவது நோய். அந்த அறிவிப்பு வந்த அன்று சீனியர் என்ன செய்தார் என்று கேட்டேன். பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து பேப்பரில் படித்தாராம். உள்பக்கத்தில் வந்திருந்ததாம்.

அவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு நான் தனியாக ஒரு நோட்டுப் போட்டேன். நாற்பது பக்க நோட்டுதான். முடிந்தபோதெல்லாம் செவ்வாய்க்கிழமைகளில் வேலூர் பக்கத்துப் பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போவேன். அங்கே தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் டீ வாங்கிக் கொடுத்து ஐந்து நிமிடம் பேசினால் எந்தப் பக்கம் கோமாரி, எந்த ஊரில் மாட்டுக்குத் தோலில் கட்டி என்று தெரிந்துவிடும். எந்த ஊரிலிருந்து திடீரென்று நிறைய மாடு விற்பனைக்கு வருகிறதோ, அந்த ஊரில் ஏதோ இருக்கிறது. எந்த ஆய்விதழிலும் வராத தகவல் இது. வந்த நாள், கேட்ட நோய், கிடைத்த பதில் என்று குறித்து வைக்கிறேன். பெரும்பாலான பக்கங்களில் ‘இல்லை’ என்றுதான் இருக்கிறது.

இந்த முறையும் படிவம் வந்துவிட்டது. இளம் உதவிப் பேராசிரியர் ஒருவருக்கு நல்ல கட்டுரை வெளியாகியிருக்கிறது, மடிநோய் பற்றி. அதை முதலில் போட்டேன். நாட்டுக்கோழிப் பயிற்சியில் 30 பேர். ஒரு முனைவர் பட்டம். ‘பிற’ கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அணைக்கட்டு ஆட்டுக்காரர். ஐப்பசி மழை பிடித்து மூன்று நாள் ஆகியிருந்தது. எனக்கு ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது.

“இன்னாண்ணா, ஆடு ஏதாச்சும்…?” என்றேன்.

“அய்யய்யோ, அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். மழ பேஞ்சுச்சே, நீங்களே கேப்பீங்கன்னு சும்மாதான் பண்ணேன்” என்றார். பிறகு இந்தத் தீபாவளிக்குக் கிடா என்ன விலை போகும் என்று கால் மணி நேரம் பேசிவிட்டு வைத்தார்.